ஒயாயுபி ஷிஃப்ட்: கட்டைவிரலின் பெயரில் ஒரு விசைப்பலகை

ஜப்பானியர் கட்டைவிரலை ‘ஒயாயுபி’ என்கிறார்கள். ‘ஒயா’ என்றால் பெற்றவர்; ‘யுபி’ என்றால் விரல். 1980-இல் ஃபுஜிட்சு நிறுவனம் ‘ஓயசிஸ் 100’ என்ற ஜப்பானியச் சொற்செயலியைக் கொண்டுவந்தபோது, அதன் விசைப்பலகை அமைப்புக்கு இந்த விரலின் பெயரையே சூட்டியது: ஒயாயுபி ஷிஃப்ட். பாதி ஜப்பானியச் சொல், பாதி ஆங்கிலச் சொல். முன்பாதி அந்தப் பலகையின் உயிரைச் சொல்கிறது. பின்பாதி அதன் வேலையைச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் விரலின் பெயரைப் பார்ப்போம். கட்டைவிரல் எப்போதும் ‘பெற்றவர் விரலாக’ இருந்ததில்லை. பத்தாம் நூற்றாண்டில் மினமோத்தோ நோ ஷிதகோ தொகுத்த ‘வம்யோஷோ’ என்ற பழைய அகராதி அதை ‘ஒஹோ ஒயொபி’ என்கிறது. ‘ஒஹோ’ என்றால் பெரிய. ‘ஒயொபி’ என்பதே பின்னால் ‘யுபி’ என்று தேய்ந்தது. நாம் சொல்லும் பெருவிரலேதான். அதே நூலில் மோதிரவிரலுக்குப் பெயரில்லாத விரல் என்று பெயர். வடமொழியின் அநாமிகையும் இந்தப் பொருளையே தருகிறது. பிற்காலத்தில் மருந்தைக் குழைத்துத் தடவும் விரல் என்பதால் அது ‘குசுரியுபி’, மருந்துவிரல், ஆயிற்று. பெருவிரலும் அப்படித்தான் அளவைக் குறித்த பெயரை விட்டு உறவைக் குறித்த பெயருக்கு மாறியது.

கட்டைவிரலை உறவுமுறையால் அழைப்பது ஜப்பானியரிடம் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. மலையாளத்தில் அது தள்ளவிரல், அதாவது தாய்விரல். மலாயில் ‘இபு ஜாரி’, விரல்களின் தாய். ஆனால் ‘ஒயா’வுக்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது. பழைய ஜப்பானில் அந்தச் சொல் ஈன்றவரை மட்டும் குறிக்கவில்லை, சேர்ந்து உழைக்கும் கூட்டத்தின் தலைவரையும் குறித்தது என்று நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் யனகிதா குனியோ வாதிட்டார். கைவினைஞர்களின் தலைவரையும் சுமோ மல்லர்களின் ஆசானையும் இன்றும் ‘ஒயகதா’ என்கிறார்கள். எனவே ஒயாயுபி என்பதை மற்ற நான்கு விரல்களுக்கும் மேஸ்திரி என்றும் படிக்க இடமுண்டு.

பெற்றவர் என்ற பொருளும் மறைந்துபோகவில்லை. சாலையில் சவ ஊர்தி கடந்தால் ஜப்பானியக் குழந்தைகள் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி ஒளித்துக்கொள்வார்கள். ஒளிக்காவிட்டால் பெற்றோருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. விரலின் பெயரில் பெற்றவர் இருக்கிறார் என்ற நினைவு அத்தனை உயிரோடு இருக்கிறது.

இனிப் பலகைக்கு வருவோம். ஜப்பானிய அசை எழுத்தான கனாவில் அடிப்படை எழுத்துகள் மட்டும் 46. அவற்றோடு சிறிய வடிவ எழுத்துகளும் குறிகளும் உண்டு. 1923-இல் கனா எழுத்தியக்கத்தின் யமஷிதா யோஷிதாரோ கேட்டுக்கொண்டபடி, அமெரிக்காவின் அண்டர்வுட் தட்டச்சு நிறுவனத்தைச் சேர்ந்த பர்ன்ஹாம் ஸ்டிக்னி ஒரு கனாத் தட்டச்சு அமைப்பை வகுத்தார். பின்னாளில் ஜப்பானியத் தரமாக வந்த கனா அமைப்பு இதன் வழிவந்தது. அதில் எண் வரிசையையும் சேர்த்து நான்கு வரிசைகளிலும் எழுத்துகள் பரவிக் கிடக்கின்றன. விரல் எட்டாத மேல்வரிசைக்குப் போகும்போதெல்லாம் கண்ணும் பலகைக்குத் திரும்பும். 1979-இல் தோஷிபா விற்பனைக்கு விட்ட முதல் ஜப்பானியச் சொற்செயலி ஜே.டபிள்யூ. 10-இன் விலை 63 லட்சம் யென். அவ்வளவு விலை கொடுத்தவர் கையும் இந்த நான்கு வரிசைகளில்தான் தடவ வேண்டியிருந்தது. இன்னொரு வழி ரோமன் எழுத்தில் அடிப்பது. அதில் ‘க’ என்ற ஓர் அசைக்கே இரண்டு தட்டு.

ஃபுஜிட்சுவின் கண்டா யசுனோரியும் அவர் குழுவும் கண்ட விடை கட்டைவிரலில் இருந்தது. ஆங்கிலத் தட்டச்சில் கையின் மிக வலுவான இரு விரல்களுக்கும் சேர்த்து ஒரே வேலைதான்: இடைவெளிப் பட்டையை அழுத்துவது. ஜப்பானிய எழுத்திலோ சொற்களுக்கு நடுவே இடைவெளியே விடுவதில்லை. ஆகவே அந்தப் பட்டையின் இடத்தில் இடக் கட்டைவிரலுக்கு ஒன்று, வலக் கட்டைவிரலுக்கு ஒன்று என இரண்டு விசைகளை வைத்தார்கள். மேலே ஒவ்வொரு விசைக்கும் இரண்டு கனா. தனியாக அடித்தால் ஒன்று வரும். அதே பக்கக் கட்டைவிரலோடு சேர்த்து அடித்தால் மற்றொன்று வரும். இப்படி எல்லாக் கனாவும் மூன்று வரிசைக்குள் அடங்கிவிட்டன.

எதிர்ப்பக்கக் கட்டைவிரலுக்குக் கொடுத்த வேலைதான் எனக்கு இந்த அமைப்பிலேயே மிக அழகானதாகப் படுகிறது. ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் வரும் ககரத்தை நாம் இடம் பார்த்து வேறுவேறாக ஒலிக்கிறோம். ஜப்பானியர் அந்த இரண்டாவது ஒலியைக் காட்ட எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடுகள் இடுவார்கள். பழைய கனாப் பலகையில் அந்தக் கோடுகளுக்கென்றே தனியாக ஒரு தட்டு வேண்டும். ஒயாயுபி ஷிஃப்டில் ககர விசை இடக்கையில் இருக்கிறது; அதை வலக் கட்டைவிரலோடு சேர்த்து அடித்தால் கோடுகளோடு கூடிய எழுத்து ஒரே தட்டில் வந்துவிடும். ஓர் ஒலி, ஓர் அசைவு. வாயில் ஒன்றாகப் பிறப்பது கையிலும் ஒன்றாகவே பிறக்கிறது.

அடுத்தது ‘ஷிஃப்ட்’. 1878-இல் வந்த ரெமிங்டன் 2-ஆம் எண் தட்டச்சுப்பொறியில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் இருந்தது. விசையை அழுத்தினால் தாளைத் தாங்கும் உருளை உண்மையாகவே இடம்பெயரும். அதே அச்சுக்கோலின் இன்னொரு எழுத்து தாளில் பதியும். உருளை நகராத மின்னணுப் பலகைகளிலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிறகு எழுத்தை அடிக்க வேண்டும் என்ற பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஒயாயுபி ஷிஃப்டில் அந்த முன்பின் இல்லை. கட்டைவிரலும் மற்ற விரலும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். இதற்கு ‘தோஜி தகென்’, ஒருசேர அடித்தல், என்று பெயர். ‘ஷிஃப்ட்’ என்று கேட்டவுடன் இன்னொரு விசையையும் பிடித்துக்கொள்ளும் கூடுதல் வேலை என்றுதான் மனம் நினைக்கும். கண்டாவின் குழு தோஜி தகென் என்பதையே பெயரில் வைத்திருந்தால் புதியவர்களுக்கு அச்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெயர் பிறகு ஒரு முறை மாறியது. இந்த அமைப்பை ஒரே நிறுவனத்தின் உடைமையாக இல்லாமல் பொதுவாக்க 1989-இல் ‘ஜப்பானிய உள்ளீட்டுக் கூட்டமைப்பு’ உருவானது. அது வகுத்த தரத்தின் பெயர் நிக்கோலா. ஏதோ ஓர் ஐரோப்பியரின் பெயர்போல ஒலித்தாலும், ‘நிஹோங்கோ ந்யூர்யோக்கு’ என்ற ஜப்பானியச் சொற்களின் தலைப்பகுதியையும் கூட்டமைப்பு, தளவமைப்பு என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளையும் கோத்துச் செய்த பெயர் அது. பொதுத் தரத்துக்கு நிறுவனச் சார்பற்ற பெயர் தேவைதான். ஆனாலும் விரல் போய்விட்டது. என்ன செய்ய வேண்டும் என்று கைக்குச் சொன்ன பெயரை விட்டு, கைக்கு ஒன்றும் சொல்லாத பெயரை எடுத்துக்கொண்டார்கள். பயன்படுத்துபவர்கள் தங்களை இன்றும் ‘ஒயாயுபி ஷிஃப்டர்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

போட்டியாளர்களும் இருந்தார்கள். என்.இ.சி. நிறுவனத்தின் மொரிதா மசசுகே தம் பெயரின் முதலெழுத்தால் ‘எம் முறை’ கொண்டுவந்தார். அரசு தரப்பில் 1986-இல் ‘புதிய ஜே.ஐ.எஸ்.’ வந்து, ஆள் சேராமல் 1999-இல் திரும்பப் பெறப்பட்டது. எல்லாவற்றையும் வென்றது ரோமன் எழுத்து முறை. தனிப் பலகை வாங்க வேண்டாம், ஆங்கிலத்துக்குப் பழகிய கையே போதும் என்ற வசதிக்கு முன் எந்த நுட்பமும் நிற்கவில்லை.

ஒயாயுபி என்ற சொல்லோ வேறு வழியில் எழுத்துக்குத் திரும்பியது. ஒருகாலத்தில் ‘ஒயாயுபி ஸோக்கு’, கட்டைவிரல் கூட்டம், என்றால் பச்சிங்கோ சூதாட்டப் பொறியின் நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளுபவர்கள். கைப்பேசி வந்ததும் அதில் செய்தி அடிக்கும் இளைஞர்களைக் குறித்தது அதே சொல். 2008-இல் ஜப்பானுக்கு வந்த ஐஃபோன், விசையைத் தொட்டு ஒரு பக்கம் தள்ளிக் கனா எழுதும் ‘ஃப்ளிக்’ முறையைப் பரப்பியது. பலர் இன்று ஒற்றைக் கட்டைவிரலால்தான் ஜப்பானியம் எழுதுகிறார்கள்.

ஃபுஜிட்சு தன் ஒயாயுபி ஷிஃப்ட் பொருள்களை நிறுத்தப்போவதாக 2020 மே மாதம் அறிவித்தது. 2021-இல் விற்பனை முடிந்தது. அமைப்பு முடிந்துவிடவில்லை. ஜப்பானில் விற்கும் கணினிப் பலகை உங்கள் கைக்குக் கிடைத்தால், இடைவெளிப் பட்டையின் இரு பக்கமும் பாருங்கள். இடப்பக்கம் ‘முஹென்கான்’, வலப்பக்கம் ‘ஹென்கான்’ என்று இரண்டு விசைகள் இருக்கும். ‘யமபுக்கி’ போன்ற மென்பொருள்கள் அவற்றைக் கட்டைவிரல் விசைகளாக மாற்றித் தருகின்றன. ஜப்பானியம் கற்கிறீர்கள் என்றால் ரோமன் எழுத்தில் கை இறுகிப்போவதற்கு முன் இதைப் பழகிப் பாருங்கள்.