கல்லறை பெயர் கொடுத்த கல்

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதி வெளியிட்ட 1883-இல், பொதிகைப் பக்கத்து எண்ணெய் மினுக்குள்ள கரும்பாறைக்கு நிலவியலில் தனிப்பெயர் இல்லை. ஊர்க்காரர்களுக்கு அது கருங்கல். பெயர் பத்தாண்டு கழித்து, கல்கத்தாவிலுள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் அடக்கமான இடத்தில் கிடத்தியிருந்த பலகைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம் பக்கத்துப் பாறை வகைதான் என்று கண்டார். 1893-இல் அதற்கு 'சார்னக்கைட்' என்று பெயரிட்டார்.

பூமிக்குள் பாறைக்குழம்பு உறைந்து உண்டான கல் இது என்பது ஹாலந்தின் முடிவு. பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தார்கள். பொதிகைக்கு மேற்கே, கேரளத்தின் பொன்முடியில், பழைய நைஸ் பாறை இருந்த இடத்திலேயே திட்டுத் திட்டாகச் சார்னக்கைட்டாக மாறியிருப்பது அவர்களுக்குச் சான்றாயிற்று. நாகர்கோவில் பக்கத்துப் பெரும் பாறைத் திரள்களையோ குழம்பிலிருந்து உறைந்தவை என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆக, ஒரே கல்லுக்கு இரண்டு பிறப்பு வழிகள். இதை ஹாலந்தின் தோல்வியாகச் சொல்வது நியாயமல்ல.

குழம்பு எங்கே உறைந்தது என்பதைக் கல்லின் மணிகளே சொல்லும். தக்காண பீடபூமியின் எரிமலைக் குழம்பு தரைக்கு மேலே வழிந்து சீக்கிரம் ஆறியது; அதனால் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. நிலத்தடியில் சிக்கிய குழம்புக்கு ஆற நெடுங்காலம் கிடைத்தது, படிகங்கள் பருத்தன. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாக் கண்டம் ஒன்றுகூடிய நாளில், தென்கோடிப் பாறைகள் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வெந்து கிடந்தன. மேலே இருந்ததையெல்லாம் மழையும் ஆறுகளும் அரித்துக் கொண்டுபோன பிறகே அவை வெயிலைப் பார்த்தன. பாபநாசத்தில் தாமிரபரணி இறங்கும் மலை அப்படி வெளிப்பட்டதுதான்.

இந்தச் சீமையின் கல்வேலைக்குப் பழைய சாட்சி, முன்பு திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த கழுகுமலை. அங்கே 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள். விமானம் முழுமை பெற்றது, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. பிற்காலத்தில் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்துக் கோயிலில் சிற்பிகள் நகக்கண் வரை செதுக்கினார்கள்.

இன்று உளிக்குப் பதில் வெடிமருந்து. 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டத்து அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் மாண்டார்கள். திறந்தவெளிக் குவாரியில் பாறையை மேலிருந்து படிப்படியாக வெட்ட வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டின் சுரங்க விதி.