டயாலிசிஸ்: எடுத்ததுமே வாரம் 3 முறையா?

'கிட்னி ஃபெயிலியர்' என்றதும் பலருக்கு வரும் முதல் பயம், 'இனி வாரத்துல மூணு நாள் மெஷின்தானா?' என்பதுதான். வழக்கமான கணக்கு அதுதான். ஒருமுறைக்கு சுமார் 4 மணி நேரம். ஆனா, சிறுநீர் இன்னும் ஓரளவு நன்றாகப் போகிறவர்களில் சிலருக்கு, வாரம் 2 முறை என ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பெயர், 'இன்கிரிமென்டல் டயாலிசிஸ்'. மீதி வேலையை, மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாடு பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு மிச்சம்? 24 மணி நேர சிறுநீரையும் சேகரித்துப் பரிசோதித்தால்தான் தெரியும். அதையும் அவ்வப்போது திரும்பச் செய்யணும். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ, பொட்டாசியம் ஏறினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்க. மூன்றாவது நாள் தேவைப்படலாம். வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால், இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும்.

பணமில்லாமலோ, மருத்துவமனை தூரம் என்றோ 2 முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம் ஊரில் நிறைய. அதையும் இதையும் குழப்பிக்கக் கூடாது. அளந்து பார்க்காத 2 முறை, ஆபத்து. தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமுண்டு, தயங்காமல் கேளுங்க.

கையில் போடும் ஃபிஸ்டுலா தயாராகவே பல வாரங்கள் ஆகும். அதனால், அந்த ஆபரேஷனை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ விடாதீங்க.