பதினோரு சீட்டுகள்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும் கல்வெட்டுகளும்தான் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போய்விடலாம். நான் எழுதப் புகுந்திருப்பது ஒரு சந்தேகத்தின் சரித்திரம். அதற்கும் வமிசாவளி உண்டு. தேசம் விட்டுத் தேசம் போன பிரயாணம் உண்டு. நல்ல மனிதர்கள் பலரை வீழ்த்திய பெருமையும் உண்டு. பட்டாபிஷேகம் மட்டும் நடக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்தது என் சிநேகிதன் ஒருவனால். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பிற்பாடு ஒரு பாங்கியில் சேர்ந்தான். கணக்கில் ஐந்து பைசா உதைத்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகாத ரகம். 1993-இல் உத்தியோக காரியமாகப் பம்பாய் போனவன், ஓர் இரவு சக ஊழியர்களோடு போகக்கூடாத ஓர் இடத்துக்குப் போனான். திரும்பி வந்த மறு வாரம் அவனுக்குத் தொண்டை வலி கண்டது. வலி இரண்டு நாளில் போய்விட்டது. அதோடு வந்த பயம் போகவில்லை.

பதினோரு தடவை ரத்தம் கொடுத்தான். பதினோரு தடவையும் எய்ட்ஸ் கிருமி இல்லை என்றுதான் சீட்டு வந்தது. சீட்டுகளைப் பழுப்பு உறை ஒன்றில் போட்டு, பூஜை அலமாரியில் வேங்கடாசலபதி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான். வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு எடுத்துப் படிப்பான். ‘நெகடிவ்’ என்று எழுதாமல் ‘நான்-ரியாக்டிவ்’ என்று ஏன் எழுதினார்கள்? ஒன்பதாவது சீட்டில் வயதை ஒன்று குறைத்துப் போட்டிருக்கிறதே, அது வேறு எவனுடைய ரத்தமோ? இப்படியே விடிந்துவிடும். அந்தப் பதினொன்றில் ஏழு தடவை நான் துணைக்குப் போயிருக்கிறேன். சிநேகிதத்துக்குச் செய்த தொண்டு என்று அப்போது எனக்கு ஒரு திருப்தி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வமிசாவளி.

1494-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் படை நடத்திப் போனான். மறு வருஷம் நேப்பிள்ஸைப் பிடித்தான். கலைந்து ஊர் திரும்பிய அந்தப் படையோடு ஒரு புது நோய் ஐரோப்பா எங்கும் பரவிற்று. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். கப்பலேறி நம் கரைக்கு வந்தபோது நம்மவர்கள் பரங்கிப்புண் என்று பெயரிட்டார்கள். அதற்கு மருந்தாகக் கொடுத்த வேருக்குப் பரங்கிப்பட்டை என்று பெயர். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கேட்டால் கிடைக்கும். ஒரு ஜாதியாராவது ‘இது எங்கள் நோய்’ என்று சொந்தம் கொண்டாடியதாகத் தெரியவில்லை. 1530-இல் வெரோனா நகரத்து வைத்தியர் பிரகாஸ்தோரோ ஒரு லத்தீன் காவியம் எழுதி, அதில் இந்த நோய் கண்ட இடையனுக்குச் சிபிலிஸ் என்று பெயர் வைத்தார். காவியத்தை மறந்துவிட்டார்கள், இடையன் பெயர் நின்றுவிட்டது.

இந்த நோய்க்கு ஒரு விசேஷம் உண்டு. முதலில் ஒரு புண் தோன்றும், தானே ஆறிவிடும். பிறகு மேனியில் தடிப்புக் காணும், அதுவும் மறையும். அப்புறம் வருஷக்கணக்கில் ஒன்றுமே இராது. கடைசியில் சிலருக்கு மூளையையோ இருதயத்தையோ பிடித்துக்கொள்ளும். ஒன்றுமே இல்லாமல் இருப்பதும் நோயின் ஓர் அடையாளம் என்று ஆகிவிட்டால், சந்தேகப்படுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சௌக்கியமாக இருக்கிறேன், ஆகையால் பயப்படுகிறேன் என்று அவன் சொன்னால், தர்க்கத்தில் அவனை மடக்க முடியாது. நோய் போன இடமெல்லாம் அதன் நிழலும் போயிற்று. லண்டன் ரண வைத்தியர் ஜான் ஹன்டர் 1786-இல் இந்த நோயைப் பற்றி எழுதிய பெரிய நூலில், வேறு உபாதைகளை இதென்று மயங்குவதைப் பற்றியும் தனியே எழுத வேண்டியிருந்தது.

நாவலாசிரியர் ஸ்டீபான் ஸ்வைக் தம் வாலிபக் காலத்து வியன்னா நகரத்தை வர்ணிக்கிறார். தெருவில் நடந்தால் ஆறேழு வீட்டுக்கு ஒரு வீட்டில் இந்த வியாதிகளுக்கான வைத்தியரின் பலகை தொங்குமாம். நோய் என்று தெரிந்தவுடன் கைத்துப்பாக்கியைத் தேடிய வாலிபர்களும் உண்டாம். அந்தப் பலகைகளின் கீழ்ப் படியேறியவர்களில் எத்தனை பேர் நோயோடு ஏறினார்கள், எத்தனை பேர் பயத்தோடு மட்டும் ஏறினார்கள்? கணக்கெடுக்க அந்தக் காலத்தில் வழியில்லை. உடம்பைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு பரிசோதனை கிடையாது.

1905-இல் ஷௌடின், ஹாப்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் நோயின் கிருமியைக் கண்டார்கள். 1906-இல் வாஸர்மன் என்பவர் தம் சகாக்களோடு ரத்தப் பரிசோதனை ஒன்றை வகுத்தார். மனித சரித்திரத்தில் முதல் தடவையாக, ‘உனக்கு இல்லை’ என்று ஒரு காகிதம் சொல்லக் கூடியதாயிற்று. பயந்தவர்கள் எல்லோரும் அன்றோடு நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும் அல்லவா? தூங்கவில்லை. அதுவரை தோலைப் பார்த்துக்கொண்டிருந்த சந்தேகம் இடம் பெயர்ந்து காகிதத்தில் குடியேறிற்று, அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாஸர்மன் பரிசோதனை அப்படியொன்றும் அரிச்சந்திரன் அல்ல. மலேரியா கண்டவனையும் குஷ்டம் கண்டவனையும் சில சமயம் பிடித்துக்கொள்ளும். முற்றிய நோயாளியைச் சில சமயம் விட்டுவிடும். முதலில் நோய் கண்டு இறந்த சிசுவின் ஈரலைக்கொண்டு செய்தார்கள். பிறகு பார்த்தால், நோயே இல்லாத மாட்டின் இருதயத்துச் சத்தும் அதே வேலையைச் செய்தது! அந்த நாளில் சீட்டைச் சந்தேகித்தவன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது.

என் சிநேகிதன் பக்கம் அந்த நியாயமும் இல்லை. அதனால்தான் அவன் கதை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1981 ஜூன் 5-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார வாரப் பத்திரிகை, லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து வாலிபர்களுக்கு அபூர்வமான நுரையீரல் நோய் கண்டதாக எழுதிற்று. 1983-இல் பாரிஸில் கிருமி அகப்பட்டது. 1985-இல் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை புழக்கத்துக்கு வந்தது. அது சென்னைப் பட்டணத்துக்கு வந்த கதையைச் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் என்ற பேராசிரியை இருந்தார். அவரிடம் பட்ட மேற்படிப்புப் படித்த நிர்மலா என்ற மாணவிக்கு, ஆராய்ச்சிக்காக இந்தக் கிருமியைத் தேடிப் பார்க்கச் சொன்னார். அது மேல்நாட்டு வியாதி, நம் ஒழுக்கத்துக்கு இங்கே வராது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். நிர்மலா, அரசாங்கக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எண்பதுக்கு மேல் ரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றைப் பரிசோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். அங்கும் அதே பதில். மே மாதம் சுகாதார மந்திரி ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

உடனே என்ன நடந்தது? பரிசோதனையில் தப்பு இருக்கும் என்று பலர் சொன்னார்கள். ரத்தம் ‘உண்டு’ என்றபோது ஒரு தேசம் நம்ப மறுத்தது. ஏழு வருஷம் கழித்து, ‘இல்லை’ என்றபோது என் சிநேகிதன் நம்ப மறுத்தான். இரண்டு பேருக்கும் ரத்தத்தைப் பற்றிய பேச்சே இல்லை, தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று எனக்குப் படுகிறது. தேசம் தன்னைக் குற்றமற்றது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. அவன் தன்னைக் குற்றவாளி என்று தீர்மானித்திருந்தான். தண்டனை வரவில்லையே என்றுதான் அவனுக்குக் கவலை. அந்த ஆறு பெண்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. சந்தேகப்படுகிற சௌகரியம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இவனைப் போன்றவர்கள் எங்கும் இருந்தார்கள். 1985-லேயே லண்டன் வைத்தியர் சிலர், மனோவைத்தியப் பத்திரிகை ஒன்றில் ‘போலி எய்ட்ஸ்’ என்று எழுதினார்கள். கிருமி இல்லாதவர்கள், ஆனால் பயத்தினாலேயே உடல் இளைத்து, வியர்த்து, சோர்ந்து, அசல் நோயாளிபோல் வந்து நின்றார்கள். 1987-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வீடுதோறும் துண்டுப் பிரசுரம் அனுப்பி, டெலிவிஷனில் கல்லறைக் கல்லைக் காட்டி எச்சரித்தது. அபாயம் மிகக் குறைந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் போட்டார்கள். நம் ஊரில் பல வருஷம் கழித்து, ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் கேட்டார்கள். ஊரார் சிரித்தார்கள். என் சிநேகிதன் அந்தச் சுவர் இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றி ஆபீசுக்குப் போனான்.

கிருமி உடம்பில் புகுந்த பிறகு ரத்தத்தில் அடையாளம் தெரியக் கொஞ்ச நாள் பிடிக்கும். அந்த இடைவெளிக்குச் சாளர காலம் என்று பெயர். மூன்று மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் இல்லைதான். இக்காலத்துப் பரிசோதனைகளில் நாற்பத்தைந்து நாளே போதும் என்கிறார்கள். பயம் இருப்பவன் அந்த ஒரு பரிசோதனையை அவசியம் செய்துகொள்ள வேண்டும். இவனோ அந்தச் சாளரத்தின் ஓரத்திலேயே பதின்மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தான். இதற்குள் கல்யாணம் ஆயிற்று. ஒரு பெண் பிறந்தாள். மனைவியின் பிரசவத்துக்கு முன் எடுத்த ரத்தமும் சுத்தம் என்றது. 2003-இல் ஆறு வயதுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு அழுதுகொண்டு ஓடி வந்தாள். இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்து மனைவியைக் கூப்பிட்டான். “அப்பா ஏன் என்னைத் தூக்கவில்லை?” என்று அந்தக் குழந்தை கேட்டது என் காதில் விழுந்தது.

மறு வருஷம் ஏப்ரலில் அரசாங்கம் இந்த நோய்க்கு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கிற்று. தாம்பரம் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டு, கிருமி உள்ளவர்கள் வேலைக்குப் போனார்கள். கிருமி இல்லாத இவன் லீவில் இருந்தான்.

கடைசிப் பரிசோதனை 2006-இல். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்த இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த ஆலோசகர் ஓர் இளம் பெண். சீட்டைக் கொடுத்துவிட்டு உறையையும் வாங்கிப் பார்த்தாள். “சார், ரத்தத்தைப் பன்னிரண்டாவது தடவை எடுக்க நான் விடமாட்டேன். மனோவைத்தியரைப் பாருங்கள்” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வருகிறவரா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியின் உறுத்தல் எனக்கு அப்போது புரியவில்லை.

மனோவைத்தியர் புரியவைத்தார். இது புதிதல்லவாம். 1875-இல் லெக்ராந்து து ஸோல் என்ற பிரெஞ்சு வைத்தியர், சந்தேகமே பைத்தியமாக முற்றுவதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர், ஓயாமல் கை கழுவுகிறவர்களைக் கழுவவிடாமல் தடுத்தே குணப்படுத்திக் காட்டினார். 1986-இல் சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இருவர் அந்தச் சூத்திரத்தை வியாதி பயத்துக்கும் பொருத்தினார்கள். தைரியம் சொல்லச் சொல்ல பயம் வளரும் என்பது அவர்கள் கண்டது. ஒவ்வொரு பரிசோதனையும், ஒவ்வொரு ‘உனக்கு ஒன்றுமில்லை’யும் சொறி சிரங்கைச் சொறிகிற மாதிரி. அந்த நிமிஷம் சுகம். அப்புறம் அரிப்பு இரட்டிப்பு.

எந்த வருஷம் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். வேலூரில் ஆறு மாதிரிகள் மஞ்சளான அதே 1986. கிருமியைக் கண்டுபிடித்த வருஷமே, இல்லாத கிருமிக்கு மருந்தும் அச்சாகிவிட்டது. எனக்குத்தான் இருபது வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஏழு தடவை கூடப் போனேன். “இன்னும் ஒரு தடவை பார்த்துவிடேன், மனசுக்குத் திருப்தியாக இருக்கும்” என்று நானே சொல்லியிருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து, “நீ என்னடா நினைக்கிறாய்?” என்பான், “உனக்கு ஒன்றுமில்லையடா” என்பேன். எத்தனை நூறு தடவை சொன்னேனோ! எல்லாம் அந்த நெருப்புக்கு நான் ஊற்றிய நெய்.

டாக்டர் இவனுக்கும் மனைவிக்கும் எனக்கும் சேர்த்துச் சட்டம் போட்டார். பரிசோதனை கூடாது. கேள்வி கேட்டால் பதில் கூடாது. பயம் வந்தால் வந்தபடி இருக்க வேண்டும். ஏறிய அலை தானே இறங்குகிற வரைக்கும் ஒன்றும் செய்யக்கூடாது. மாத்திரையும் உண்டு. குணம் ஒரு நாளில் வரவில்லை. இரண்டடி முன்னே, ஒன்றரை அடி பின்னே. இவன் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, எழுதிப் பிழைக்கிற எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? பழுப்பு உறையை என்னிடம் ஒப்படைத்தான். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய என் கதைகளின் கட்டுக்கு அடியில் அது இருக்கிறது. நானே தொடாத இடம்.

போன மாதம் ஒரு நாள் இரவு போன் வந்தது.

“ஒரு சின்ன விஷயம். அந்த ஒன்பதாவது சீட்டில் வயசு என்ன போட்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.”

“உன் பெண் ஊரிலிருந்து வந்தாயிற்றா?” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“வந்துவிட்டாள். சாயங்காலம் வாழைக்காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். அவள் அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். நான்தான் கட்டுப் போட்டேன்” என்றான்.

“ஆழமான காயமா?”

“இல்லை, மேலோடுதான். ரத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.” பிறகு, “வயசு என்ன போட்டிருக்கிறது?” என்றான்.

“உங்கள் பக்கம் மழை உண்டா?” என்று கேட்டேன்.