தகரும் மலையரணும்

மதிலிடிக்கப் பண்டையோர் கையாண்ட கருவிகளுள் எளியதும் கொடியதும் இடிமரமாகும். நுனியில் இரும்புப்பூண் செறித்த பெருமரத்தைத் தொங்கவிட்டுப் பின்னிழுத்து மோதவிடுவர். உரோமர் அதனை ஆட்டுக்கடாவின் பெயராலேயே வழங்கினர். தமிழிலும் 'தகர்' என்னுஞ் சொல் கடாவையும் உடைதலையும் குறித்தல் கருதற்பாலது.

பழைய இலங்கையில் இவ்வினையை யானை ஆற்றிற்று. துட்டகைமுனுவின் விசிதபுர முற்றுகையில், கொதிக்குங் கீல் பட்டுப் புண்ணுற்ற கண்டுலன் என்னுங் களிறு, எருமைத்தோல் போர்த்து மீண்டும் வந்து இரும்புக் கதவத்தைத் தகர்த்தது என மகாவமிசம் கூறும். உரோமரும் இடிமரக் கூண்டைத் தோலாற் போர்த்தே நெருப்பினின்று காத்தனர்.

பிற்காலத்தே பீரங்கியுடன் கண்டிமீது வந்த ஐரோப்பியர்க்கோ, இடித்துப் புகவேண்டிய பெருமதில் ஈண்டு இல்லை. வள்ளுவர் அரணென எண்ணிய மலையும் காடுமே மதிலாயின. பலனைக் கணவாயும், மலைவழிகளில் முள்ளால் அடைத்த கடவத்தைகளும் வாயில்களாயின. 1638 ஆம் ஆண்டு தியோகு த மெலோவின் தலைமையில் வந்த போர்த்துக்கேயர், மக்கள் நீங்கிய நகரை எரித்துவிட்டு மீண்டனர். மீளும் வழியில், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில், இரண்டாம் இராசசிங்கன் படை அவர்களை வளைத்தழித்தது. 1803 இல் ஆங்கிலேயரும் வெறுநகரையே கைப்பற்றினர். ஏறத்தாழ நான்கு திங்களில், காய்ச்சலால் நலிந்த அவர்தம் காவற்படை சரணடைந்து வெளியேறியது. வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்கவியலாமல் வட்டபுளுவையில் அதன் பெரும்பகுதி மாண்டது.

போர்த்தகர் பின்வாங்குதல் அச்சத்தாலன்று, பாய்தற்கே என்னும் உவமையை வள்ளுவர் 'காலமறிதல்' அதிகாரத்தில் அமைத்தார். கண்டி மன்னர் நகர்விட்டு அகன்றமை அத்தகையதே. தாக்க வந்தோர் தம்மையே தகரென எண்ணினர். உண்மையில் தகராய் நின்றோர் தாக்கப்பட்டோரே.

அங்ஙனமாயின் 1815 இல் கண்டி வீழ்ந்தது எவ்வாறு? சிறீ விக்கிரம இராசசிங்கனும் முன்னோரைப் போலவே நகர்விட்டு மலைப்புறம் அகன்றான். மலையும் காடும் மாறவில்லை. மாறியது மக்கள் மனமே. பிரதானிகள் பலர் அவனைப் பகைத்தனர். எகலப்பொலை முன்னரே ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்திருந்தான். பெப்புருவரி 18 ஆம் நாள், மெதமகாநுவரைப் பகுதியில், மன்னன் தன் குடிகளாலேயே பிடிக்கப்பட்டான். மார்ச்சு 2 ஆம் நாள் அரண்மனை மகுல் மடுவத்தில் உடன்படிக்கை நிறைவேறிற்று. பெரும்போர் ஒன்றும் நிகழ்ந்திலது.

1638 இற் பாய்ச்சலுக்கு முதலடியாயிருந்த பின்வாங்கல், 1815 இல் வெறும் ஓட்டமாய் முடிந்தது. தகர் பின்வாங்கினால், காலூன்றி மீண்டும் பாய்தற்கு நிலம் வேண்டும். அரசர்க்கு அந்நிலம் குடிகளின் அன்பே என்பது கண்டி வரலாறு நமக்குக் காட்டும் உண்மையாம்.