பல் மருத்துவமும் வருவாயும்

பல் மருத்துவம் பயின்றால் பணம் வருமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கேட்பதில் தவறில்லை, பிழைப்புக்கு வழி தேடுவது இழிவன்று. இக்கேள்விக்கு விடை காண வரலாறே நல்ல துணை என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் நெடுங்காலம் பல் பிடுங்குதல் நாவிதர்களின் உபதொழிலாக இருந்தது. சந்தைகளில் கூவி அழைத்துப் பிடுங்குவோரும் இருந்தனர். 1728இல் பிரெஞ்சுக்காரராகிய பியேர் ஃபோஷார் தாம் அறிந்தவற்றையெல்லாம் பெருநூலாக வெளியிட்டார். கைத்தொழில் கல்வியாகத் தொடங்கிற்று. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது.

பணத்தின் கதையும் அந்நாட்டில் உண்டு. பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்பவர் செயற்கைப் பல் கட்டி வந்தார். பழைய வேர்களைப் பிடுங்கினாலன்றிப் புதிய பல்வரிசை பொருந்தாது. வலிக்கு அஞ்சியவர்கள் திரும்பிப் போயினர். அவர்களோடு வருவாயும் போயிற்று. ஆகவே வலியைப் போக்க வழி தேடினார். அவருடைய முன்னாள் கூட்டாளியான ஹோரேஸ் வெல்ஸ், 1844இல் சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே வலியின்றி எடுக்கச் செய்திருந்தார், காப்புரிமை நாடவில்லை. மார்ட்டனோ ஈதரைக் கைக்கொண்டார். 1846 அக்டோபர் 16 அன்று மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் ஈதர் கொடுக்க, டாக்டர் வாரன் ஒருவரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். அடுத்த மாதமே மார்ட்டன் காப்புரிமை பெற்றார். ஈதரின் மணத்தை மறைத்து, 'லீத்தியான்' எனப் புதுப்பெயரும் சூட்டினார். எங்கும் கிடைக்கும் பொருளுக்கு வேலியிட இயலுமா? உரிமைத்தொகை சேரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்திடம் பல்லாண்டுகள் பரிசு வேண்டியும் பயனில்லை. பூசல்களிடையே தொழிலையும் இழந்து, 1868இல் வறியவராக மாண்டார்.

வெல்ஸும் வாழ்ந்தாரில்லை. பாஸ்டனில் அவர் காட்டிய சோதனை ஏளனத்தில் முடிந்தது. 1848இல் துயருற்று இறந்தார். எனவே, கொடுத்தவன் வாழ்ந்தான், மறைத்தவன் கெட்டான் என்று நீதி கூற இடமில்லை. நாள்தோறும் நாற்காலியருகே நின்று ஈட்டும் ஊதியமே இத்தொழிலின் மெய்யான வருவாய் என்பதே நான் காணும் பாடம்.

நம் நாட்டில் டாக்டர் ரஃபியுதீன் அகமது, அமெரிக்காவில் பயின்று திரும்பி, 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். தம் உழைப்பாலும் பொருளாலும் வளர்த்த அதனை 1949இல் மேற்கு வங்க அரசினரிடம் ஒப்படைத்தார். இடையே 1948இல் பல் மருத்துவர் சட்டமும் வந்தது. பயின்றவரையும் பயிலாதவரையும் பிரித்தறியப் பதிவேடு உண்டாயிற்று.

இன்று 300க்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன, போட்டியும் மிகுதி. பயிற்சியாண்டு உட்பட ஐந்தாண்டுப் படிப்பு. அதன்பின் நாற்காலி, கருவிகள், இடவாடகை ஆகியவற்றுக்கு முதல் வேண்டும். விரைந்து செல்வம் சேர்க்க விரும்புவோர்க்கு இத்தொழில் ஏற்றதன்று. கைத்திறனும் பொறுமையும் உடையோரை இது கைவிடுவதுமில்லை. மாணவர்களே, செலவையும் வரவையும் கணக்கிடுங்கள். நோயுற்றவரின் நம்பிக்கையையும் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.