நம் வாசலில் ஓடும் காசிச் சாலை

இந்தக் குளிர்காலத்தில் நம் குடியிருப்பிலிருந்து மூன்று குடும்பங்கள் காரிலேயே காசிக்குப் போய்வர முடிவு செய்திருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். எந்த வண்டி, எங்கே தங்குவது, பாஸ்டேகில் எவ்வளவு போட்டுவைப்பது என்று எல்லாம் பேசியாகிவிட்டது. வழியைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசவில்லை. மேப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். அந்த வழியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுக்கொண்டு போகும் நான்குவழிச் சாலையை இப்போது என்.எச். 44 என்கிறோம். 2010-ல் எண்களை மாற்றும் வரை அது என்.எச். 7. அந்தப் பழைய ஏழாம் எண் சாலை தொடங்கிய ஊர் வாரணாசி, முடிந்த இடம் கன்னியாகுமரி. நீளம் 2,369 கி.மீ.; அன்றைக்கு நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை. அதாவது, விருதுநகர் பைபாஸில் நின்று டீ குடித்த ஒவ்வொருவரும் காசிச் சாலையில் நின்றுதான் குடித்திருக்கிறோம்! எண் மாறினாலும் தடம் பெரிதாக மாறவில்லை. மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் தாண்டி மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன் வரை ஒரே என்.எச். 44. அங்கிருந்து ஜபல்பூர், ரேவா, மிர்சாபூர் வழியாகக் காசி. நம் ஊரிலிருந்து கிட்டத்தட்ட 2,200 கி.மீ.

பக்கத்திலுள்ள சிவகாசியின் பெயரே இந்தப் பயணத்தில் பிறந்ததுதான் என்று கதை சொல்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன், காசிக்குப் போய் ஒரு லிங்கத்தைக் கொண்டுவந்தான். வழியில் வில்வ மரங்கள் நிறைந்த ஓரிடத்தில் தங்கினான். லிங்கத்தைச் சுமந்துவந்த பசு அதற்கு மேல் நகர மறுத்தது. அங்கேயே பிரதிஷ்டை செய்தார்கள். ஊர் சிவகாசி ஆயிற்று.

பசு நின்றதா என்பதை நம்மால் சோதிக்க முடியாது. ஆனால் கதைக்குப் பின்னால் ஓர் உண்மையான கஷ்டம் இருக்கிறது. அன்றைக்கு இங்கிருந்து காசிக்குப் போக வேண்டுமானால் விஜயநகரம், பாமினி, கோண்ட் அரசர்களின் காடு, ஜான்பூர் சுல்தான்கள் என்று எத்தனையோ எல்லைகளைத் தாண்ட வேண்டும். போனவர் திரும்புவது நிச்சயமில்லை. சாதாரண சம்சாரியால் ஆகிற காரியமா? காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத்தான் காசியையே இங்கே கொண்டுவந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். தென்காசி, சிவகாசி என்ற பெயர்களே அதற்குச் சாட்சி. இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று காசியில் நாம் வணங்கும் விசுவநாதர் கோயில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. பராக்கிரம பாண்டியன் தென்காசியில் கட்டிய கோயில் அதைவிட முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

கால்நடையாகவும் பல்லக்கிலும் போன காலம் எப்படி இருந்தது என்று அறிய நமக்கு ஒரு நல்ல ஆவணம் உண்டு. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமய்யா 1830 மே மாதம் புறப்பட்டு, பதினைந்து மாதம் கழித்து 1831 செப்டம்பரில் வீடு திரும்பினார். உடன் நூறு பேர் வரை. எந்த ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கும், எங்கே கடை உண்டு, எங்கே தங்க இடம் கிடைக்கும் என்று தெலுங்கில் நாள்தோறும் எழுதிவைத்தார். அவர் போனதும் ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழிதான். நூறு பேரை ஏன் கூட்டிப் போனார் என்பதற்கு ஜபல்பூர் பக்கம் பதில் கிடைக்கும். வழிப்போக்கர்களோடு நட்பாகப் பேசிக்கொண்டே வந்து கழுத்தை நெரித்துக் கொல்லும் தக்கர்கள் நடமாடிய நாட்கள் அவை. அவர்களை ஒடுக்கிய ஆங்கில அதிகாரி ஸ்லீமனின் பெயரில் ஜபல்பூருக்கும் கட்னிக்கும் நடுவே ஸ்லீமனாபாத் என்று ஓர் ஊரே இருக்கிறது. நம்மவர்கள் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்க்கலாம்.

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, நம் பகுதியிலிருந்து வடக்கே போவது மாதக் கணக்கிலிருந்து நாள் கணக்கானது. அந்த ரயில் காலத்துப் பயணம் ஒன்றுதான் நம் வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றியது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். சாமி கும்பிட அல்ல, தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள. சில மாதம் தங்கித் தொழிலைப் பழகிக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் தீப்பெட்டி வந்தது, பின்னாலேயே பட்டாசும் அச்சகமும் வந்தன. சிவகாசிக்குப் பெயரும் வடக்கே போய் வந்தது, பிழைப்பும் வடக்கே போய் வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நூறு ஆண்டு கழித்து இன்று தீபாவளிக்கு முன்பு சரக்கு லாரிகள் அதே திசையில் போகின்றன. காசியில் எந்தக் கடைச் சுவரிலாவது சாமி படக் காலண்டர் தொங்கினால் அடியில் அச்சகத்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். நம்ம ஊராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

காசியில் இறங்கியதும் தமிழ் கேட்கும். நகரத்தார் 1863-ல் ஏற்படுத்திய சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருட்கள் தினமும் 'சம்போ' என்ற முழக்கத்தோடு போகின்றன. கங்கைக் கரையில் கேதார் கட்டத்தில் குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடம் இருக்கிறது. அவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். சற்றுத் தள்ளி அனுமன் கட்டத்தில், 1898 முதல் சில ஆண்டுகள் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவர் பாரதி. எட்டயபுரம் நமக்கு எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைப்பாகையும் மீசையுமாக நாம் அறிந்த பாரதி அங்கே உருவானவர்தான். மணிகர்ணிகையில் கூட்டத்தில் நின்றுவிட்டு ஊர் திரும்பிவிடாமல் இந்த மூன்று இடங்களுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்தச் சாலையில் ராணி மங்கம்மாள் காலம் தொட்டே சத்திரமும் கிணறும் சாலையோர மரமும் இருந்தன. சாலையை அகலப்படுத்தியபோது மரங்கள் போயின, சுமைதாங்கிக் கற்கள் போயின. டோல் பிளாசாவில் கழிப்பறை இருக்கிறது, திண்ணை இல்லை. வழியில் நிற்க இடமில்லாததால் நாமும் நிற்காமல் பறக்கிறோம். மூன்றே நாளில் காசியைத் தொடுவதாக ஒரு தம்பி குழுவில் எழுதியிருந்தார். வேண்டாம் தம்பி. இரவில் நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள், தக்கர்களை விட மோசம். வீராசாமய்யா மாதிரி பொழுது சாய்ந்ததும் வண்டியை நிறுத்துங்கள். ஐந்து நாள் ஆகட்டுமே! நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் காட்டைப் பகலில்தான் கடக்க வேண்டும். விலங்குகள் கீழே போவதற்காகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், பார்க்க வேண்டிய வேலை. டிக்கியில் பட்டாசு மட்டும் கூடாது, அங்கே யார் கேட்டிருந்தாலும் சரி.

புறப்படும் திசையைப் பற்றியும் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். ராமேசுவரத்துக் கடலில் நீராடி, மணலெடுத்துப் பூசை செய்து, அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. பிரயாகையிலிருந்து காசி இரண்டு மூன்று மணி நேரம்தான். ஆக, முறைப்படி போக நினைப்பவர்கள் நம் கேட்டை விட்டு வெளியே வந்ததும் மதுரைப் பக்கம் திரும்பக் கூடாது; முதல் நாள் வண்டி அருப்புக்கோட்டை, பரமக்குடி வழியாகக் கிழக்கே போக வேண்டும். ராமேசுவரத்தில் ஓர் இரவு தங்குவதையும் கணக்கில் சேர்த்து விடுப்பு எழுதிக் கொடுங்கள்.