கொத்தும் இறாத்தலும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டு அளவைகள் அக்கம்பக்கமாக வழங்கின. தொழிலாளி கொடுத்தது கொழுந்து. அது மடுவத்தில் இறாத்தல் கணக்கில் நிறுக்கப்பட்டது. அவர் பெற்றது அரிசி. அது கொத்துக் கணக்கில் அளக்கப்பட்டது. அக்கரப்பத்தனைக்கு அப்பால் ஹோட்டன் சமவெளியை அண்டிக் கிடக்கும் டயகமவாயினும், ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களாயினும் இதுவே வழக்கம். சம்பளப் போராட்டங்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். இந்த அளவைகளை யாரும் அவ்வளவாகக் கவனித்ததில்லை.

நான்கு சுண்டு ஒரு கொத்து. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். ஒரு கொத்து அரிசி ஏறக்குறைய இரண்டு இறாத்தல் என்பதால், ஒரு புசல் அரிசி 64 இறாத்தல். அதே புசலில் நெல்லைக் கொட்டினால் 46 இறாத்தலே நிற்கும். கொள்ளளவு ஒன்று, எடை வேறு.

1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டம், இந்தியத் தொழிலாளருக்கு வழங்கும் அரிசியின் விலையைப் புசலுக்கு 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படாது நிர்ணயித்தது. அதாவது கொத்துக்கு 20 சதம். விலையைச் சட்டம் கட்டிவைத்தது. அளப்பவரின் கையை எப்படிக் கட்டுவது? குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் வேறு கணக்கு. குலுக்கி நிரப்பியதற்கும் மெல்லச் சொரிந்ததற்கும்கூட வித்தியாசம் உண்டு. கொழுந்திலோ, கூடைக்கும் ஈரத்துக்குமென்று இறாத்தல் இறாத்தலாகக் கழித்தார்கள். தராசை நம்பிய நிர்வாகம் அரிசிக்கு மட்டும் கொத்தையே போதுமென்று கருதியது.

1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. பங்கீடு வந்தது, அரிசியின் இடத்தைக் கோதுமை மா பெருமளவு பிடித்தது. லயத்து அடுப்பில் ரொட்டி நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். மா இறாத்தலில் வந்தது. அரிசியோ பங்கீட்டிலும் கொத்தாகவே நீடித்தது. 1953 இல் கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடு ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. ஒரு முகத்தலளவைக்கு இத்தனை அரசியல் பாரம்!

1974 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது. அதே ஆண்டில்தான் அரிசியும் மாவும் அருகி, தோட்டங்களில் பட்டினி பரவி, மரணவீதம் கடுமையாக ஏறியது. கிலோ வந்த காலத்தில் நிறுப்பதற்கு உணவு இருக்கவில்லை.

கடையில் இன்று அரிசி கிலோவில் கிடைக்கிறது. வீட்டில் இன்னமும் சுண்டுதான்; பல வீடுகளில் ரின்பால் பேணியே சுண்டாகிவிட்டது. புலம்பெயர்ந்த நாடுகளில் கிராம் தராசோடு சமைப்பவர்கள் கேட்பதுண்டு: அம்மா சொன்ன ஒரு சுண்டு எத்தனை கிராம்? இரண்டு இறாத்தல் கொத்தை நான்காக வகுத்தால், அரிசிக்குச் சுமார் 225 கிராம். ரொட்டிக்கு அதே எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அரித்த கோதுமை மா ஒரு சுண்டுக்கு 150 கிராம் அளவிலேயே நிற்கும். அமுக்கி அள்ளினால் இன்னும் கூடும்.